‘நாளை வேறு ஆளை அனுப்புங்கள்’: ஓட்டல்களின் ஏஜென்சி உழைப்பும் சாதியும்

சித்திரை பிறந்ததும் உதகையிலும் கொடைக்கானலிலும் ஓட்டல் அறைகள் நிரம்புகின்றன. பள்ளிகள் திறந்ததும் அவை காலியாகின்றன. சென்னை, மதுரை, கோவை நகரங்களின் பெரிய ஓட்டல்களில் விருந்து மண்டபங்கள் பஞ்சாங்கத்தைப் பார்த்து இயங்குகின்றன. தையிலும் வைகாசியிலும் ஆவணியிலும் முகூர்த்த நாளன்று இடம் கிடைக்காது. ஆடியிலும் மார்கழியிலும் நாற்காலிகள் அடுக்கியபடி கிடக்கும். கிழக்குக் கடற்கரைச் சாலையின் சொகுசு விடுதிகளுக்கு டிசம்பர் 31 இரவு தனிக் கணக்கு. இந்த ஏற்ற இறக்கத்துக்குத் தக்கபடி ஆட்களைக் கூட்டவும் குறைக்கவும் நிர்வாகங்கள் கைக்கொண்டிருக்கும் வழி, ஆள் அனுப்பும் ஏஜென்சி. காலையில் ஒரு வாட்ஸ்அப் செய்தி போனால் மாலையில் இருபது பேர் வேனில் வந்து பின்வாசலில் இறங்குவார்கள். விருந்து முடிந்து பாத்திரங்கள் கழுவப்பட்ட பின் அவர்களுக்கும் அந்த ஓட்டலுக்கும் உறவு இல்லை.

நிர்வாகத் தரப்பு இதற்குச் சொல்லும் காரணம் எளிமையானது: வேலை ஒரே சீராக இல்லாதபோது ஆட்களை மட்டும் ஒரே சீராக வைத்திருக்க முடியாது. வேலை கூடிக் குறைவது உண்மை என்பதை நாம் மறுக்கவில்லை. நாம் கேட்பது, காலியான மாதத்தின் சுமையை யார் தலையில் இறக்கிவைக்கிறார்கள் என்பதையே. ஓட்டல் தொழிலில் அந்தத் தலைகள் தற்செயலாகத் தேர்ந்தெடுக்கப்படுவதில்லை. 2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத்தொகுப்புகளும் நடைமுறைக்கு வந்ததாக ஒன்றிய அரசு அறிவித்தபின், இந்தக் கேள்வியைத் தள்ளிப்போட முடியாது.

முதலில், ஓட்டலுக்குள் ஏஜென்சியின் எல்லை எங்கே தொடங்குகிறது என்று பார்ப்போம். வரவேற்பு மேசையிலும் கணக்குப் பிரிவிலும் பெரும்பாலும் நிறுவனத்தின் சொந்த ஊழியர்கள். சமையலறையில் தலைமைச் சமையல்காரரும் அவருக்கு அடுத்த சிலரும் சொந்த ஊழியர்கள். அங்கிருந்து கீழே இறங்க இறங்க, நெஞ்சில் குத்திய பெயர்ப்பட்டையில் ஓட்டலின் பெயர் மறைந்து ஏஜென்சியின் பெயர் வருகிறது, அல்லது பெயர்ப்பட்டையே இல்லை. பாத்திரம் கழுவும் ‘ஸ்டீவர்டிங்’ பிரிவு, அறைகளையும் குளியலறைகளையும் சுத்தம் செய்யும் ‘ஹவுஸ்கீப்பிங்’, பொதுக் கழிப்பறைகள், அழுக்குத் துணிகள் குவியும் சலவைப் பகுதி, குப்பை அறை, கழிவுநீர்த் தொட்டி. எச்சில், அழுக்கு, மலம் ஆகியவற்றைக் கையாளும் வேலைகள் எவையோ அவையே முதலில் வெளியாருக்கு விடப்படுகின்றன. இவ்வேலைகளை இச்சமூகம் யாருக்கு ஒதுக்கிவைத்திருந்தது என்பதை நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இன்று இவ்வேலைகளில் தலித்துகளோடு பழங்குடியினரும், ஒடிசா, ஜார்கண்ட், வடகிழக்கு மாநிலங்களிலிருந்து வரும் இளைஞர்களும் நிற்கிறார்கள். சாதி வரிசை குலையவில்லை. அடித்தட்டு அகலமாகியிருக்கிறது, அவ்வளவே.

தமிழகத்தில் ஓட்டல் என்பது தொடக்கத்திலிருந்தே சாதியின் களம். 1957இல் சென்னை திருவல்லிக்கேணியில் ஓர் உணவகத்தின் பெயர்ப்பலகையில் இருந்த ‘பிராமணாள்’ என்ற சொல்லை எதிர்த்துத் தந்தை பெரியார் மறியலைத் தொடங்கினார். அச்சொல்லுக்குள் இரு செய்திகள் இருந்தன: இங்கே சமைப்பவர் யார், அவர் கையால் உண்ணத் தகுந்தவர் யார். உண்பவரைப் பற்றிய செய்தியை அரசமைப்புச் சட்டம் ஏற்கெனவே செல்லாததாக்கிவிட்டது. கடைகள், உணவகங்கள், ஓட்டல்கள் ஆகியவற்றுக்குள் நுழைவதில் சாதியின் பெயரால் தடை கூடாது என்கிறது அதன் 15(2)ஆம் பிரிவு. ஆனால் அந்தப் பிரிவு வாடிக்கையாளராக நுழையும் தலித்துக்குக் கதவைத் திறந்தது. தொழிலாளியாக நுழையும் தலித் எந்த வாசல் வழியாக வந்து எந்த அறையில் நிற்பார் என்பதைப் பற்றித் தனியார் ஓட்டலிடம் கேட்கும் சட்டம் இன்றுவரை இல்லை. ஓட்டல்கள் பராமரிக்க வேண்டிய எந்தப் பதிவேட்டிலும் தொழிலாளியின் சமூகத்துக்கான கட்டம் கிடையாது. ஆண்டுதோறும் வெளியாகும் தொழிற்சாலைக் கணக்கெடுப்பு, ஆலைத் தொழிலாளர்களில் பத்துக்கு நான்கு பேர் ஒப்பந்தக்காரர் வழியாக வந்தவர்கள் என்று சொல்கிறது. ஓட்டல்கள் அக்கணக்கெடுப்புக்குள் வருவதே இல்லை. எண்ணப்படாத ஒன்றை ‘அப்படி ஒன்றும் இல்லை’ என்று சொல்வது எளிது.

ஏஜென்சி முறை நடைமுறையில் இயங்கும் விதத்தைப் பார்த்தால் சிக்கல் தெளிவாகும். ஓட்டலுக்கும் ஏஜென்சிக்கும் இடையே ஓர் ஒப்பந்தம். தலைக்கு, ஷிஃப்டுக்கு இவ்வளவு என்று விலை. அதன்மீது ஏஜென்சியின் கமிஷன், அதற்குமேல் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. ஆக, ஒரு தொழிலாளிக்காக ஓட்டல் செலவிடும் தொகை அவர் கைக்கு வருவதைவிட மிக அதிகம். சில ஏஜென்சிகள் வருங்கால வைப்புநிதியில் முதலாளி செலுத்த வேண்டிய பங்கையும் தொழிலாளியின் கூலியிலேயே பிடித்துக்கொள்வது இத்தொழிலில் அனைவரும் அறிந்த வழக்கம். வரியும் கமிஷனும் கொடுத்த பிறகும் இந்த ஏற்பாடு ஓட்டலுக்கு லாபமாக இருக்கிறது என்றால், ஓட்டல் வாங்குவது உழைப்பை மட்டும் அல்ல. பொறுப்பிலிருந்து விடுதலையையும் சேர்த்தே வாங்குகிறது.

அந்த விடுதலையின் சாரம் ஒப்பந்தத்தின் ஒரு சாதாரண வரியில் இருக்கிறது: அனுப்பப்பட்டவர் ‘திருப்தியளிக்காவிட்டால்’ ஏஜென்சி மாற்று ஆளைத் தர வேண்டும். என்ன குறை என்று சொல்லத் தேவையில்லை. விளக்கம் கேட்கும் நோட்டீஸ் இல்லை, விசாரணை இல்லை, பணிநீக்க உத்தரவு இல்லை. ‘நாளை வேறு ஆளை அனுப்புங்கள்’ என்ற ஒரு தொலைபேசி அழைப்பு போதும். ஏஜென்சியும் அவரை நீக்கியதாக எழுதாது. அவருக்கு அழைப்பு வராது, அவ்வளவுதான். கைபேசி மௌனமாகிவிடும். ஒருவர் ஏன் அழைக்கப்படவில்லை என்பதற்கு எந்தக் காகிதமும் இல்லாத இடத்தில், சாதி காரணமாக அழைக்கப்படவில்லை என்று நிறுவ எந்த நீதிமன்றத்தில் எதைக் கொண்டுபோய் வைப்பது? எதிர்த்துப் பேசியவர், கூடுதல் நேரத்துக்குக் கூலி கேட்டவர், மேற்பார்வையாளரின் வசைக்குப் பதில் சொன்னவர், சங்கத்தின் துண்டறிக்கையைக் கையில் வைத்திருந்தவர் எல்லோரும் இந்த ஒரே வரியின் வழியாக மறைந்துபோக முடியும்.

2018இல் திருப்பூர் மாவட்டம் அவிநாசி அருகே திருமலைக்கவுண்டம்பாளையம் அரசுப் பள்ளியில் நடந்ததை இதோடு ஒப்பிடலாம். சத்துணவு சமைக்க வந்த அருந்ததியப் பெண்ணை ஆதிக்க சாதியினர் எதிர்த்தனர். அதிகாரிகள் அவரை இடமாற்றம் செய்தனர். போராட்டம் எழுந்தது, இடமாற்ற உத்தரவு திரும்பப் பெறப்பட்டது, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் வழக்கும் பதிவானது. அவருக்கு இழைக்கப்பட்டது கொடுமை. ஆனால் அவர் போராட முடிந்ததற்கு ஒரு காரணம் உண்டு: அவரிடம் ஒரு பணியிடம் இருந்தது, அப்பணியிடத்திலிருந்து அவரை அகற்ற ஒரு உத்தரவு எழுத வேண்டியிருந்தது, எழுதியதை எதிர்க்க முடிந்தது. ஓட்டல் சமையலறையில் காய்கறி நறுக்க வந்த ஏஜென்சிப் பெண்ணைக் குறித்து யாரேனும் முகம் சுளித்தால், அங்கே எழுதவும் எதுவும் இல்லை, எதிர்க்கவும் எதுவும் இல்லை.

ஏஜென்சி முறையில் நாட்கணக்கு ஒரு கருவி. நம் தொழிலாளர் சட்டங்கள் தரும் பாதுகாப்புகளில் பல, ஒருவர் எத்தனை நாள் வேலை செய்தார் என்பதில் தொங்குகின்றன. இ.எஸ்.ஐ. திட்டத்தில் நோய்க்கால ஊதியம் பெற, ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாட்களுக்காவது பங்களிப்பு இருக்க வேண்டும். அதே திட்டத்தில் மகப்பேறு உதவிக்கு, முந்தைய இரு பங்களிப்புக் காலங்களில் 70 நாட்கள். இ.எஸ்.ஐ. வரம்புக்குள் வராத பெண்ணுக்கு மகப்பேறு சட்டப்படி 12 மாதங்களில் 80 நாட்கள். பணிக்கொடைக்கு ஆண்டுக்கு 240 நாட்கள் வீதம் ஐந்தாண்டுத் தொடர் பணி. தமிழ்நாட்டின் 1981ஆம் ஆண்டு நிரந்தரத் தகுதிச் சட்டப்படி, 24 மாதங்களில் 480 நாட்கள் பணிபுரிந்தவர் நிரந்தரமாக்கப்பட வேண்டும். சட்டம் இந்த எண்களைத் தொழிலாளிக்கு ஏணியாக வைத்தது. ஏஜென்சி முறையில் அவை நிர்வாகத்துக்கு எச்சரிக்கைப் பலகையாகிவிடுகின்றன: இந்த எண்ணைத் தொடுவதற்குள் ஆளை மாற்று.

இதில் மாற்றுவதற்குக் கெட்ட எண்ணம்கூடத் தேவையில்லை. உதகையில் சித்திரையும் வைகாசியும் முழுக்க உழைத்தவருக்கு ஆனியில் அழைப்பு இல்லை. அவர் கோவைக்கு வந்து வேறொரு ஏஜென்சியில் சேர்கிறார். முந்தைய ஏஜென்சி அவருடைய இ.எஸ்.ஐ., வைப்புநிதிப் பங்களிப்புகளை ஒழுங்காகச் செலுத்தியிருந்தால் அந்நாட்கள் அவர் கணக்கில் இருக்கும். செலுத்தவில்லை என்றாலோ, புதிய ஏஜென்சி வேறு எண்ணில் பதிந்தாலோ, அவர் ஒவ்வொரு முறையும் பூச்சியத்திலிருந்து தொடங்குகிறார். பத்தாண்டுகள் ஓட்டல் வேலையிலேயே கழித்த ஒருவர், எந்த ஓட்டலிலும் வேலை செய்யாதவராகப் பதிவேட்டில் நிற்க முடியும். பணிக்கொடை அவருக்கு வராது. நிரந்தரத் தகுதி கேட்டால், ‘உங்கள் முதலாளி ஏஜென்சி, அங்கே போய்க் கேளுங்கள்’ என்பதே பதில்.

கொரோனாக் காலத்தில் இந்தப் பதிலின் முழுப்பொருளும் தெரிந்தது. 2020 மார்ச் 29 அன்று, ஊரடங்கு நாட்களுக்கும் முதலாளிகள் தம் தொழிலாளர்களுக்கு ஊதியம் தர வேண்டும் என்று ஒன்றிய உள்துறை ஆணையிட்டது. ஜூன் 12 அன்று உச்ச நீதிமன்றம், இரு தரப்பும் பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்றது. பேசுவதற்கு இரு தரப்பு வேண்டுமே! ஓட்டலின் ‘தம் தொழிலாளர்’ பட்டியலில் பெயரே இல்லாதவர் யாரோடு பேசுவது?

இனி புதிய சட்டத்தொகுப்புக்கு வருவோம். இதுவரை நடைமுறையில் இருந்த 1970ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம், 20 பேரை வைத்திருந்த ஒப்பந்தக்காரரையே உரிமம் பெறச் செய்தது. 2020ஆம் ஆண்டின் தொழில்சார் பாதுகாப்பு, உடல்நலம், பணிநிலைமைகள் சட்டத்தொகுப்பு அதை 50 ஆக உயர்த்தியிருக்கிறது. நடுத்தர ஓட்டல்களுக்கு ஆள் அனுப்பும் பல ஏஜென்சிகள் இந்த ஓர் எண் மாற்றத்திலேயே சட்டத்தின் கண்ணிலிருந்து நழுவிவிடும். பெரிய ஏஜென்சியும் இரண்டு பெயர்களில் இயங்கத் தொடங்கினால் நழுவலாம்.

அத்தொகுப்பு நிறுவனத்தின் ‘மையச் செயல்பாடுகளில்’ ஒப்பந்தத் தொழிலாளரை ஈடுபடுத்தக் கூடாது என்கிறது. கேட்க நன்றாக இருக்கிறது. உடனே மையச் செயல்பாடாகக் கருதப்படாதவற்றின் பட்டியல் ஒன்றைத் தருகிறது: துப்புரவு, கூட்டுதல், குப்பை அகற்றல், காவல், கேன்டீன் மற்றும் உணவு வழங்கல், சுமை ஏற்றி இறக்கல், தோட்ட வேலை, ஹவுஸ்கீப்பிங், சலவை. இப்பட்டியலை ஒருமுறை சாதிக் கண்ணோடு படித்துப்பாருங்கள். எந்த வேலைகள் ஊரின் ஓரத்துக்கு ஒதுக்கப்பட்டனவோ அவற்றில் பலவும் இப்போது சட்டத்தின் ஓரத்துக்கு ஒதுக்கப்பட்டிருக்கின்றன. பட்டியலைத் தயாரித்தவர்கள் சாதியை மனத்தில் வைத்துத் தயாரித்தார்கள் என்று நாம் சொல்லவில்லை. மனத்தில் வைக்காமலேயே இப்படி வந்திருக்கிறது என்பது இன்னும் கவலைக்குரியது.

ஆயினும் அந்தப் பட்டியலுக்கு ஒரு நிபந்தனை உண்டு. ஓட்டல் தொழிலாளர்கள் அதைக் கெட்டியாகப் பற்றிக்கொள்ள வேண்டும். இவ்வேலைகள் மையமற்றவை ஆவது, ‘அந்த நிறுவனம் அவ்வேலைக்காகவே அமைக்கப்பட்டதாக இல்லாதபோது’ மட்டுமே. மென்பொருள் நிறுவனத்தில் கேன்டீன் ஓரத்து வேலையாக இருக்கலாம். ஓட்டலில் அப்படி இல்லை. சுத்தமான அறையையும் சமைத்த உணவையும் விற்பதற்காகவே ஓட்டல் இருக்கிறது. படுக்கை விரிப்பை மாற்றும் பெண்ணின் உழைப்பே விருந்தினர் வாங்கும் பண்டம். அவ்வேலை மையம் இல்லையென்றால் ஓட்டலில் வேறு எதுதான் மையம்?

நிர்வாகங்கள் இதற்கு மாற்றுவழி தேடும். சட்டமே அதைத் திறந்து வைத்திருக்கிறது. இடைவிட்டு நிகழும் வேலை, மையச் செயல்பாடாகவே இருந்தாலும் மையமற்றதாகக் கொள்ளப்படும் என்று ஓர் உட்பிரிவு கூறுகிறது. குறித்த காலத்துக்குள் முடிக்க வேண்டிய ‘திடீர் வேலைப்பெருக்கம்’ ஏற்பட்டால் மையச் செயல்பாட்டிலும் ஒப்பந்த ஆட்களை வைத்துக்கொள்ளலாம் என்று இன்னொரு விதிவிலக்கும் உண்டு. ஓட்டல் முதலாளிகள் இந்த இரண்டு வாசல்கள் வழியாகத்தான் வருவார்கள். அப்போது நாம் கேட்க வேண்டியது: எது திடீர்? சித்திரை திடீரென்று வருவதில்லை. உதகையின் கோடைக்காலம் நூறாண்டுக்கும் மேலாக அதே மாதங்களில் வருகிறது. முகூர்த்த நாட்கள் ஓராண்டுக்கு முன்பே நாட்காட்டியில் அச்சாகின்றன. மண்டபத்துக்கு முன்பணம் மாதக்கணக்கில் முன்னதாகக் கட்டப்படுகிறது. அறையின் வாடகையைக் கோடைக்கு ஒரு விலை, மழைக்காலத்துக்கு ஒரு விலை என்று முன்கூட்டியே கணித்து அறிவிக்கத் தெரிந்த நிர்வாகத்துக்கு, அதே கோடையில் எத்தனை கைகள் வேண்டும் என்று மட்டும் தெரியாமல் போகுமா?

இந்த வெளியேற்றத்தில் பொதுத்துறைக்கும் பங்கு உண்டு. இந்தியச் சுற்றுலா வளர்ச்சிக் கழகம் நடத்திய அசோக் ஓட்டல்களில் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் இடஒதுக்கீடு இருந்தது. 2001, 2002 ஆண்டுகளில் அவற்றில் பல விற்கப்பட்டன. மதுரை அசோக், மாமல்லபுரம் டெம்பிள் பே அசோக் ஆகியவையும் அவற்றில் அடக்கம். கட்டடத்தோடு சேர்ந்து இடஒதுக்கீடும் போனது. அரசின் கையில் எஞ்சியிருக்கும் நிறுவனங்களிலும் துப்புரவு, காவல், உணவு வழங்கல் என்று ஒவ்வொன்றாக ஒப்பந்தத்துக்குப் போகும்போது, விற்காமலேயே அதே விளைவு ஏற்படுகிறது. 45 நாட்களோ அதற்கு மேலோ நீடிக்கும் தற்காலிக நியமனங்களுக்கும் இடஒதுக்கீடு உண்டு என்பது ஒன்றிய அரசின் நெடுங்கால விதி. ஏஜென்சி வழியாக ஆள் எடுத்தால் அது ‘நியமனமே’ இல்லை என்றாகிவிடுகிறது. 2024இல் கர்நாடக அரசு, தன் துறைகள் ஏஜென்சிகள் வழியாக எடுக்கும் பணிகளிலும் இடஒதுக்கீட்டைப் பின்பற்ற உத்தரவிட்டது. சமூகநீதியின் தாயகம் என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் தமிழ்நாட்டில், 2025 ஆகஸ்ட்டில் ரிப்பன் மாளிகை வாசலில் 13 நாட்கள் அமர்ந்திருந்த தூய்மைப் பணியாளர்கள் நள்ளிரவில் அப்புறப்படுத்தப்பட்டார்கள். அவர்கள் எதிர்த்ததும் தங்கள் வேலை தனியார் ஒப்பந்தக்காரரிடம் கைமாறுவதைத்தான்.

ஏஜென்சித் திரையை ஊடுருவிப் பார்க்கச் சட்டத்தால் முடியாது என்று எவரேனும் சொன்னால் அது உண்மையன்று. கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7ஆம் பிரிவு, கழிவுநீர்த் தொட்டியில் ஆபத்தான முறையில் சுத்தம் செய்ய யாரையும் ‘நேரடியாகவோ மறைமுகமாகவோ’ ஈடுபடுத்தக் கூடாது என்கிறது. பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் சட்டமும், அதே ஆண்டில் வந்ததே, ஒப்பந்தக்காரர் வழியாக வந்த பெண்ணையும், முதன்மை முதலாளிக்குத் தெரிந்தோ தெரியாமலோ வேலைக்கு வந்தவரையும், அந்தப் பணியிடத்தின் ஊழியர் என்றே வரையறுக்கிறது. ஆகவே ஓட்டலின் உள்ளகப் புகார்க் குழுவிடம் முறையிட ஏஜென்சிப் பெண்ணுக்கும் முழு உரிமை உண்டு. ஓட்டல்கள் இதை அவர்களுக்குச் சொல்வதில்லை.

7ஆம் பிரிவு இருந்தும் என்ன நடக்கிறது என்பதும் நமக்குத் தெரியும். 2019 ஜூன் மாதம் குஜராத்தின் வதோதரா மாவட்டம் தபோய் அருகே ஒரு ஓட்டலின் கழிவுநீர்த் தொட்டியில் ஏழு பேர் இறந்தனர். நான்கு பேர் சுத்தம் செய்ய வெளியிலிருந்து அழைக்கப்பட்டவர்கள், மூன்று பேர் அந்த ஓட்டலிலேயே வேலை செய்தவர்கள். வெளியாள், உள்ளாள் என்ற பிரிவினையை அந்த நச்சு வாயு பார்க்கவில்லை. 2022 அக்டோபரில் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு தனியார் விடுதியின் கழிவுநீர்த் தொட்டியில் மூவர் இறந்தனர். 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இத்தகைய மரணங்களுக்கான இழப்பீட்டை 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது.

இங்கே ஒரு மறுப்பையும் நேர்மையாக எடுத்துக்கொள்ள வேண்டும். நம் இளைஞர்களில் சிலருக்கு ஏஜென்சி ஒரு திறப்பாகவும் இருந்திருக்கிறது. ஓட்டல் தொழிலில் நிரந்தர வேலைகள் பெரும்பாலும் ஊர்க்காரர், உறவினர், சாதிக்காரர் வழியாகவே நிரப்பப்பட்டு வந்தன. முதலாளியின் ஊரிலிருந்து வந்த சமையல்காரர், அவர் அழைத்துவந்த தம்பி, தம்பியின் மைத்துனர். அந்த வலைக்கு வெளியே நின்றவருக்கு, ஊரும் தெருவும் கேட்காமல் ஆதார் எண்ணையும் சட்டை அளவையும் மட்டும் கேட்ட ஏஜென்சி, நட்சத்திர ஓட்டலின் கதவை முதல்முறையாகத் திறந்தது. முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்த மாணவர்கள் பலர் முகூர்த்த நாட்களில் ‘கேட்டரிங் வேலைக்கு’ப் போய்ப் பரிமாறித்தான் தேர்வுக் கட்டணம் கட்டுகிறார்கள். இதைப் படிக்கும் உங்களில் சிலரும் போயிருப்பீர்கள். அந்த ஒருநாள் கூலி இழிவானதன்று. ஏஜென்சியை ஒழித்துவிட்டுப் பழைய உறவுவலைக்கே திரும்புவது நமக்குத் தீர்வாகாது. ஆனால் திறந்த கதவுக்கு அப்பால் படிக்கட்டு இருக்க வேண்டும். ஏஜென்சி வழியாகப் பாத்திரம் கழுவ வந்தவர் சமையலறைக்கும், அங்கிருந்து மேலும் ஏறுவதற்கு அம்முறையில் இடமே வைக்கப்படவில்லை. பயிற்சி, பதவி உயர்வு, பணிமூப்பு எல்லாம் சொந்த ஊழியருக்கு மட்டுமே உரியவை.

கூடிக் குறையும் வேலையை வேறு விதமாகவும் கையாளலாம். இந்நாட்டிலேயே அதற்கு முன்மாதிரி உண்டு. துறைமுகத்தில் கப்பல் வரும் நாள் ஓட்டலின் முகூர்த்த நாளைவிட நிச்சயமற்றது. அங்கே ஒரு காலத்தில் காலையில் வாசலில் கூட்டம் கூடும், மேஸ்திரி கைகாட்டியவருக்கு வேலை. 1948இல், பாபு ஜெகஜீவன் ராம் தொழிலாளர் அமைச்சராக இருந்த காலத்தில், துறைமுகத் தொழிலாளர் வேலை முறைப்படுத்தல் சட்டம் வந்தது. பம்பாய், கல்கத்தா, சென்னை துறைமுகங்களில் அரசு, முதலாளிகள், தொழிலாளர் ஆகிய முத்தரப்பு வாரியங்கள் அமைந்தன. தொழிலாளர் பதிவு செய்யப்பட்டனர். முறைவைத்து வேலை பிரித்துத் தரப்பட்டது. வேலைக்கு வந்து நின்று வேலை கிடைக்காத நாளுக்கும் வருகைப்படி உண்டு. கப்பல்கள் நின்றுவிடவில்லை. பின்னர் மகாராஷ்டிரத்தின் 1969ஆம் ஆண்டு மாத்தாடிச் சட்டம், சுமை தூக்குவோருக்கு இதே வழியைப் பின்பற்றியது: கூலியை முதலாளி வாரியத்தில் கட்டுவார், அதன்மேல் ஒரு தீர்வையும் கட்டுவார், அத்தீர்வையிலிருந்து வைப்புநிதியும் பணிக்கொடையும் விடுமுறையும் வரும். வாரியங்களிலும் முறைகேடுகள் நிகழ்ந்தன. மாத்தாடியின் பெயரைச் சொல்லிப் பணம் பறித்த கும்பல்களும் உண்டு. ஆனால் அங்கே தவறு நடந்தால் கேட்பதற்கு ஒரு பதிவேடு இருக்கிறது. ஏஜென்சியின் கைபேசியில் அது இல்லை.

தமிழ்நாட்டின் 1982ஆம் ஆண்டு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் பெயரிலேயே வேலையை முறைப்படுத்துதல் என்ற சொல் இருக்கிறது. அதன்கீழ் அமைந்த நலவாரியங்கள் கல்வி உதவி, திருமண உதவி, ஓய்வூதியம் தருகின்றன. வேலையை முறைப்படுத்தும் பாதி பெயரிலேயே நின்றுவிட்டது. உதகை, கொடைக்கானல், மாமல்லபுரம், சென்னை ஆகிய இடங்களிலாவது ஓட்டல் தொழிலாளருக்கு அத்தகைய பதிவு வாரியம் ஒன்றை அரசு தொடங்கலாம். அதன் பதிவேட்டில் தொழிலாளியின் சமூகமும் அவர் செய்யும் வேலையின் பிரிவும் இடம்பெற வேண்டும். திரும்ப அழைக்கும் உரிமை இன்னொன்று. கலிபோர்னிய மாநிலம் 2021இல் இயற்றிய ஒரு சட்டம், பெருந்தொற்றால் வேலையிழந்த ஓட்டல் தொழிலாளர்களைப் பணிமூப்பு வரிசையில் திரும்ப அழைத்த பிறகே புதிய ஆளை எடுக்க வேண்டும் என்று விதித்தது. இவ்விதியை நம் கோடைக்காலத்துக்கும் பொருத்தலாம். சென்ற சித்திரையில் உழைத்தவரை இந்தச் சித்திரையில் அழைக்க வேண்டும். அழைக்காவிட்டால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். அப்போது ‘வேறு ஆளை அனுப்புங்கள்’ என்ற தொலைபேசி அழைப்பு ஒரு காகிதமாக மாறும்.

இந்தக் கோரிக்கைகள் நிறைவேறும்வரை காத்திருக்கத் தேவையில்லாத வேலைகளும் உண்டு. ஏஜென்சி கூலி தராவிட்டால் ஓட்டல் நிர்வாகமே தர வேண்டும் என்ற முதன்மை முதலாளியின் பொறுப்பு பழைய சட்டத்திலும் இருந்தது, புதிய தொகுப்பிலும் இருக்கிறது. ஒரு வேலை மையச் செயல்பாடா இல்லையா என்ற கேள்வி எழுந்தால், பாதிக்கப்பட்ட தரப்பு அரசிடம் விண்ணப்பித்து முடிவு கோரலாம் என்று தொகுப்பின் 57ஆம் பிரிவு சொல்கிறது. ஓட்டல்களைப் பொறுத்தவரை அந்த அரசு மாநில அரசு. அறை சுத்தம் செய்வதும் விருந்தில் பரிமாறுவதும் ஓட்டலின் மையச் செயல்பாடே, பஞ்சாங்கப்படி வரும் கூட்டம் திடீர்ப் பெருக்கம் அல்ல என்ற வாதத்தோடு தொழிற்சங்கங்களும் தலித் இயக்கங்களும் முதல் விண்ணப்பங்களைத் தாக்கல் செய்ய வேண்டும். அதற்குச் சான்றுகள் வேண்டும். விருந்து மண்டபங்களின் முன்பதிவு விவரங்கள் ஓட்டல்களிடம் இருக்கின்றன. அவற்றைக் கேட்டால் தர மாட்டார்கள். ஆனால் எந்தத் தேதியில், எந்த ஓட்டலுக்கு, எத்தனை பேர், எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று ஏஜென்சிகள் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள் ஆயிரக்கணக்கான மாணவர்களின் கைபேசிகளில் கிடக்கின்றன. அவற்றை அழிக்காமல் வைத்திருங்கள். தேதிவாரியாகத் தொகுத்து உங்கள் பகுதிச் சங்கத்திடம் ஒரு படி கொடுங்கள்.